பச்சையா, பக்குவமா? – தூண்டில்காரர் மீன் உணவு பற்றி ஒரு வரலாற்று நோக்கு

மீன் தின்னாத சமணன் ஒருவன் மீன் உணவைப் பற்றிக் கட்டுரை எழுத வந்தது ஏன் என்று இம்மலரைப் புரட்டும் அன்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். என் கடையில் கயிறு உண்டு, வாளி உண்டு, பாத்திரம் உண்டு. தூண்டில் முள் மட்டும் வைப்பதில்லை. அப்படிப்பட்டவனை இந்தப் பொருளுக்குள் இழுத்து விட்டவர்கள் நம்ம சங்கத்துப் பசங்கதான். அந்தக் கதையை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு வரலாற்றுக்குள் செல்வது முறையாகும்.

கேள்வி பிறந்த கதை

மரைன் ஹில் மேட்டில் நின்று பார்த்தால் துறைமுக வாயும், முன்பு ராஸ் தீவு என்று வழங்கி 2018 முதல் நேதாஜி பெயர் தாங்கும் தீவும் கண்முன் நிற்கும். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய நம் போர்ட் பிளேரில், ஞாயிற்றுக்கிழமை வந்தால் இளைஞர்கள் சிலர் டிங்கி பிடித்துத் தூண்டில் போடக் கிளம்பிவிடுவார்கள். பிழைப்புக்காக அல்ல, பொழுதுபோக்குக்காக.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு அவர்களுக்கு இரண்டு சூரை மீன்கள் கிடைத்தன. உடன் சென்றிருந்த வெளிநாட்டில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், மீன் ஏறிய சிறிது நேரத்திலேயே அதில் ஒன்றை அறுத்து, சோயா சாறு தொட்டுப் பச்சையாகவே தின்றாராம். இரண்டு பேர் அவரோடு சேர்ந்து ருசி பார்த்தார்கள். மற்றவர்களுக்குக் குமட்டல். கரைக்கு வந்ததும் வழக்கு என் கடைக்கு வந்தது. "நயினார் ஐயா, நீங்க நாலு புத்தகம் படிச்சவங்க. பச்சை மீனைத் தின்னுறது மனுசன் செய்யுற காரியமா? நீங்களே சொல்லுங்க" என்றார்கள்.

நானும் பெரிய மனிதத் தோரணையில் தீர்ப்புச் சொன்னேன்: "காட்டுவாசிங்கதான் தம்பி பச்சையாத் தின்பாங்க. நீங்க மிச்ச மீனை வீட்டுக்குக் கொண்டுபோய் நல்லா வறுத்துடுங்க. நெருப்புல போட்டா ஒண்ணும் ஆகாது."

அன்றிரவு வறுத்துத் தின்ற நான்கு பேரும் மருத்துவமனையில். முகம் சிவந்து, தலைவலியும் படபடப்பும். படகில் பச்சையாகத் தின்ற மூவருக்கும் ஒன்றுமில்லை! மறுநாள் எல்லாரும் நலமாக வீடு திரும்பினார்கள். "மீன் காலையிலிருந்து வெயிலில் கிடந்திருக்கிறது. அதற்குமேல் வறுத்தும் பயனில்லை" என்று மருத்துவர் சொன்னாராம்.

நான் சொன்ன தீர்ப்பில் இரண்டு பிழைகள் இருந்தன. ஒன்று மனிதரைப் பற்றியது, மற்றது மீனைப் பற்றியது. இரண்டையும் திருத்திக்கொள்ளத் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

சங்கத் தமிழில் தூண்டிலும் சூடும்

முதலில் நம் வீட்டைப் பார்ப்போம். பத்துப்பாட்டில் மீன் உணவு பற்றிய செய்திகள் ஏராளம். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், எயிற்பட்டினத்து நுளையர் வீட்டில் பாணர்க்குக் கள்ளோடு கிடைப்பது உலர்ந்த குழல் மீனைச் சுட்ட சூடு. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பிலும் சுட்ட மீனே விருந்து. அதே புலவரின் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து மக்கள் கடல் இறாலைச் சுட்டும், வயல் ஆமையை வேகவைத்தும் உண்கிறார்கள். சுடுதல், புழுக்குதல், உணக்குதல் என்ற மூன்றும் அன்றே தமிழர் கையாண்ட முறைகள்.

இதைவிட என்னை வியக்க வைத்தது பெரும்பாணாற்றுப்படையில் வரும் தூண்டில் காட்சி. பாண்மகன் ஒருவன் நீண்ட மூங்கில் கோலில் கயிறு கட்டி, வளைந்த இரும்பு முள்ளில் இரை கோத்துப் போடுகிறான். வாளை மீன் இரையைக் கவ்விவிட்டுத் தப்பி ஓடுகிறது. அன்று முதல் நீரோரத்துப் பிரம்பின் நிழல் ஆடினாலும் அது தூண்டிலோ என்று அஞ்சுகிறது. கோல், கயிறு, முள், இரை, தப்பிய மீன் என்று இன்றைய தூண்டில்காரர் பேசும் அத்தனையும் அதில் உள்ளன.

அந்தப் பாணன் தோலாலான பையில் என்ன வைத்திருக்கிறான் தெரியுமா? பச்சூன், அதாவது பச்சை இறைச்சி. அது மீனுக்கு இரை. மனிதனுக்கு வருவது சூடு. பச்சை மீனுக்கு, சுட்டது மனிதனுக்கு என்ற பாகுபாடு நம் மனத்தில் எவ்வளவு பழமையானது என்பதற்கு இது சான்று. என் தீர்ப்பின் வேரும் அங்கேதான் இருக்கிறது.

அரசன் பிடித்த மீன்

பாணன் வயிற்றுக்காகத் தூண்டில் போட்டான். விளையாட்டுக்காகப் போட்டவர் யார்? கல்யாணியைத் தலைநகராகக் கொண்ட மேலைச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்டவன். அவன் பெயரில் வழங்கும் மானசோல்லாசம் என்னும் வடமொழிக் கலைக்களஞ்சியத்தில் மத்ஸ்யவிநோதம் என்று மீன்பிடி விளையாட்டுக்கே தனிப் பகுதி உண்டு. மீன் வகைகள், எந்த மீனுக்கு எந்த இரை, கோலும் கயிறும் எப்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் அது கூறுகிறது. மீன்வள அறிஞர் சுந்தர்லால் ஹோரா 1951இல் இப்பகுதியை ஆராய்ந்து உலகறியச் செய்தார்.

அதே நூலின் உணவுப் பகுதியில் மீன் சமைக்கும் முறையும் வருகிறது. துண்டு போட்டு, கழுவி, புளிச்சாறு சேர்த்து, மாவு தூவி, எண்ணெயில் பொரிக்க வேண்டும். ஏறத்தாழ நம் வீட்டு மீன் வறுவல்தான். அரசனானாலும் பிடித்ததை அடுப்பில் ஏற்றித்தான் உண்டான்.

பின்னர் ஆங்கிலேயர் காலத்தில் சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியாவில் தூண்டில் விளையாட்டைப் பற்றி 1873இல் ஒரு நூல் வெளியிட்டார். அதன் பிறகு தூண்டில் போடுவது துரைமாரின் பொழுதுபோக்காக இந்நாட்டில் நிலைபெற்றது. இன்று அந்தமான் கடலுக்குப் பெரிய பாறை மீனைத் தேடி வரும் பயணிகள் அந்த மரபின் பேரப்பிள்ளைகள். அவர்களில் பலர் பிடித்த மீனை அளந்து, படமெடுத்துக் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். தின்பதற்கு என்று வைத்துக்கொள்ளும் சூரையில்தான் பச்சையா வறுவலா என்ற வழக்கு எழுகிறது.

"பச்சை தின்னிகள்" என்ற பழி

இனி என் முதல் பிழைக்கு வருகிறேன். "காட்டுவாசிங்கதான் பச்சையாத் தின்பாங்க" என்று சொன்னேனே, அது எங்கிருந்து வந்தது?

கி.பி. 851ஆம் ஆண்டைச் சேர்ந்த அரபுப் பயண நூல் ஒன்று, அந்தமான் தீவினர் மனிதரைப் பச்சையாகத் தின்பவர்கள் என்று எழுதி வைத்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ, இத்தீவினருக்கு நாயின் தலை என்றும், பிடிபட்ட அயலாரைத் தின்றுவிடுவார்கள் என்றும் கதை விட்டார். அவர் இங்கே இறங்கியதற்கு எந்தச் சான்றும் இல்லை. கப்பல்காரர்கள் சொன்ன இக்கதை ஆயிரம் ஆண்டு ஓடியது. அது ஓடி ஓடி என் கடைக்கும் வந்து, என் வாயிலிருந்தும் வெளிவந்தது. என் பிள்ளைகளுக்கும் சிறுவயதில் அப்படித்தான் சொல்லி வளர்த்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

உண்மை என்ன? இங்கே அதிகாரியாகப் பல ஆண்டுகள் பணியாற்றிய இ. எச். மேன் 1880களில் தாம் கண்டதை எழுதினார். 1906 முதல் 1908 வரை இங்கே ஆய்வு செய்த ராட்கிளிஃப் பிரவுன் 1922இல் தம் நூலை வெளியிட்டார். ஆண்கள் வில்லம்பால் மீன் எய்ததையும், பெண்கள் கைவலையால் மீனும் இறாலும் பிடித்ததையும், அவற்றைச் சுட்டும் மண்பானையில் வேகவைத்தும் உண்டதையும் அவர்கள் விளக்கியுள்ளனர். தீவுகளில் காணப்படும் சிப்பி மேடுகள், பல தலைமுறைகள் தின்று கழித்த கிளிஞ்சல்களின் குவியல்கள். அவற்றைத் தோண்டிய ஆய்வாளர்கள் எலும்புகளோடு பானை ஓடுகளையும் கண்டெடுத்தனர். சௌல்தாரி என்னுமிடத்து மேடு ஏறத்தாழ 2,200 ஆண்டுப் பழமையுடையது.

இன்னும் ஒரு செய்தி. நெருப்பைப் புதிதாக உண்டாக்கும் முறை இம்மக்களிடம் இல்லை என்று மேனும் பிரவுனும் எழுதினர். ஆகவே இருக்கும் நெருப்பை அணையவிடாமல் காத்தார்கள். இடம் மாறும்போது கனன்றுகொண்டிருக்கும் கட்டையை உடன் எடுத்துச் சென்றார்கள். படகிலும் ஏற்றிச் சென்றார்கள். மழை ஓயாத இத்தீவில் அது எவ்வளவு பெரிய பொறுப்பு! நம் வீட்டில் தீப்பெட்டி நமுத்துப்போனாலே காலைக் காப்பி தாமதமாகிறது.

நெருப்பு வந்த விதம் பற்றி அவர்களிடம் பல கதைகள் உண்டு. பிரவுன் பதிவு செய்த ஒன்றில், பிலிக்கு என்னும் பேராற்றலிடமிருந்து நெருப்பைத் திருடி மக்களுக்குக் கொண்டுவருவது மீன்கொத்தி. பிலிக்கு எறிந்த முத்துச்சிப்பி பட்டு அதன் சிறகும் வாலும் அறுபடுகின்றன. மீனைப் பச்சையாக விழுங்கும் பறவை, மனிதன் மீனைச் சுட்டுத் தின்பதற்காகத் தன் சிறகை இழந்ததாகக் கதை சொன்ன மக்களையா நாம் பச்சை தின்னிகள் என்றோம்?

பெரிய அந்தமானியர் இன்று சில பத்துப் பேர்களாகக் குறைந்துவிட்டனர். நாம் வாழும் இம்மண் அவர்களுடையது. அவர்கள் நிலத்தில் குடியேறிய நாம் அவர்கள் மேல் பழங்கதையையும் சுமத்துவது முறையன்று.

நெருப்பில்லாத சமையல்

அப்படியானால் பச்சையாகத் தின்பவர் நாகரிகம் குறைந்தவரா? அதையும் பார்ப்போம்.

தமிழில் அடுதல் என்றால் நெருப்பில் வேகவைத்தல். அடுப்பு என்ற சொல் அதன் வழி வந்தது. சமைத்தல் என்ற சொல்லுக்கோ ஆயத்தமாக்குதல், தகுதியாக்குதல் என்பதே அடிப்படைப் பொருள். நெருப்பு அதில் ஒரு வழி. உப்பும் வெயிலும் காலமும் கூட மீனைச் சமைக்கும்.

கருவாடு அப்படிச் சமைந்ததுதான். மாலத்தீவிலும் மினிக்காயிலும் சூரையை வேகவைத்து, புகையூட்டி, கல்போல் உலர்த்துகிறார்கள். அதுவே நம் கடைகளில் விற்கும் மாசி. 14ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் தங்கிய இபன் பதூதா இதைக் குறித்துள்ளார். 1925இல் பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தர் அருகே வெபியில் குடியேறிய கரேன் மக்கள், மீனை உப்பிட்டுப் புளிக்கவைத்து இடித்துச் செய்யும் ஙாப்பியை உடன் கொண்டுவந்தனர். அது அடுப்பைக் காணாமலே பக்குவமாவது. கறியில் சிறிது சேர்த்தால் தெருவே மணக்கும் என்பார்கள். (எனக்கு அந்த மணத்தோடு உடன்பாடில்லை என்பது வேறு விஷயம்!)

ஜப்பானியரின் சூஷியும் தொடக்கத்தில் சோற்றுக்குள் மீனை வைத்து மாதக்கணக்கில் புளிக்கவைத்த பண்டமே. இப்போது நாம் அறிந்த கைப்பிடிச் சூஷி 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில் பரவியது. அப்போதும் மீனை வினிகரில் நனைத்தோ, உப்பிட்டோ, சோயாவில் ஊறவைத்தோதான் வைத்தார்கள். மீன் பிடிபட்டவுடன் மூளையில் குத்தி, இரத்தத்தை வடித்து, உடனே குளிரில் வைப்பதும் அவர்கள் முறை. பச்சை என்று நாம் சொல்வதற்குப் பின்னால் இத்தனை ஒழுங்கு இருக்கிறது.

இத்தீவில் ஜப்பானியர் பெயரைச் சொன்னாலே மூத்தவர் முகம் வாடும். 1942 மார்ச் 23 முதல் 1945 அக்டோபர் வரை அவர்கள் படை இங்கே செய்த கொடுமைகளும், 1944 ஜனவரி 30 அன்று ஹம்ப்ரிகஞ்சில் 44 பேரைச் சுட்டுக் கொன்றதும் மறக்கக்கூடியவை அல்ல. ஆனால் அந்தக் கொடுமை படைக்குரியது, பச்சை மீனுக்குரியது அன்று. ஒரு மக்களின் தட்டைப் பார்த்து அவர்கள் நெஞ்சை எடைபோட முடியாது என்பதே நான் கற்றது.

நெருப்புக்கு அடங்காதவை

இரண்டாவது பிழை மீனைப் பற்றியது. நெருப்பில் போட்டால் ஒன்றும் ஆகாது என்றேன். எவை நெருப்புக்கு அடங்கும், எவை அடங்கா என்பதை நம் குடும்பங்களும் தூண்டில் பிடிக்கும் பிள்ளைகளும் அறிந்திருத்தல் நலம்.

அடங்குபவை: கடல் மீன் தசையில் அனிசாக்கிஸ் என்னும் நூல்போன்ற புழு இருக்கலாம். நன்றாக வேகவைத்தால் சாகும். பச்சையாகத் தின்ன வேண்டுமானால் மைனஸ் 20 பாகை செல்சியஸில் 7 நாள், அல்லது மைனஸ் 35 பாகையில் கட்டியாக உறையவைத்து 15 மணி நேரம் வைக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் விதி. வீட்டுக் குளிர்பெட்டியை நம்பி இதைச் செய்ய இயலாது. எலுமிச்சை பிழிந்தால் மீன் வெந்ததுபோல் வெளுக்கும், புழு சாவதில்லை. ஆற்று மீன், குளத்து மீனைப் பச்சையாகத் தின்பது இன்னும் ஆபத்து. ஈரலைத் தாக்கும் தட்டைப்புழுக்கள் அவற்றில் உண்டு. ஆகவே அன்று படகில் தின்ற மூவரும் தப்பியது நல்லூழ். அதை வழக்கமாக்கிக் கொள்ளச் சொல்ல மாட்டேன்.

அடங்காதவை: முதலாவது ஹிஸ்டமின். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களை வெயிலில் போட்டுவைத்தால் கிருமிகள் பெருகித் தசையில் இந்தப் பொருளை உண்டாக்குகின்றன. உண்டான பிறகு வறுத்தாலும் வேகவைத்தாலும் அது போகாது. மீன் பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். நம் பசங்களுக்கு நேர்ந்தது இதுதான்.

இரண்டாவது சிகுவடெரா நஞ்சு. பவளப்பாறையில் வளரும் நுண்ணுயிரில் தோன்றி, சிறு மீன் வழியாகப் பெரிய மீனில் சேர்வது. பெரிய சீலா, களவா, சங்கரா வகைகளில் வரலாம். இதற்கும் நெருப்பு மருந்தன்று. 1774இல் பசிபிக் கடலில் கேப்டன் குக்கின் கப்பலில் இருந்தவர்கள் செந்நிற மீனைத் தின்று துன்பப்பட்டதை இன்றைய அறிஞர் இந்த நஞ்சின் பழைய பதிவுகளில் ஒன்றாகக் கருதுகின்றனர்.

ஆகவே தூண்டில்காரன் முதலில் எடுத்துச் செல்ல வேண்டியது பனிக்கட்டி. மீனின் எடைக்குச் சம எடை பனிக்கட்டி என்பது வெப்ப நாடுகளுக்குச் சொல்லப்படும் கணக்கு. மீன் ஏறியவுடன் இரத்தம் வடித்து, குடல் நீக்கிப் பனிக்கட்டியில் புதைத்துவிட வேண்டும். அடுப்பு ஏற்றுவதற்கு முன்பே சமையல் படகில் தொடங்கிவிடுகிறது.

சமண நூல் கூறுவது

என் சமயம் இதற்கு என்ன சொல்கிறது என்று பசங்க கேட்டார்கள். சமண ஒழுக்கத்தில் நெருப்புக்குப் பெரிய இடம் உண்டு. எங்கள் துறவியர் பச்சைத் தண்ணீர் அருந்தார், காய்ச்சியதே கொள்வர். ஆனால் புலால் என்று வரும்போது நெருப்பு கணக்கில் வராது. 10ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்த அமிர்தசந்திர சூரி இயற்றிய புருஷார்த்த சித்தியுபாயம், இறைச்சி பச்சையாக இருந்தாலும், வெந்ததாக இருந்தாலும், வெந்துகொண்டிருந்தாலும் அதில் நுண்ணுயிர்கள் இடைவிடாமல் தோன்றுகின்றன என்கிறது. மீன் தின்பதைவிடப் பச்சை மீன் தின்பது அதிகப் பாவம் என்று எங்கள் நூல் சொல்லவில்லை. இரண்டும் ஒரே கணக்குதான். அன்று பச்சையைப் பழித்து வறுவலுக்குச் சான்றிதழ் கொடுத்தபோது நான் பேசியது என் சமயத்தை அல்ல, என் பழக்கத்தை.

இதை வைத்து மீன் தின்னும் அன்பர்களுக்கு உபதேசம் செய்ய நான் வரவில்லை. வள்ளுவர் புலால் மறுத்தல் என்று ஓர் அதிகாரமே வகுத்துவிட்டார். அதற்குமேல் நான் சொல்ல என்ன இருக்கிறது? ஒன்றை மட்டும் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களிடம் வேண்டிக்கொள்வேன். பிடித்ததைத் தின்பதானால் வீணாக்காமல் தின்னுங்கள். விடுவதானால் விரைவாக, காயமின்றி விடுங்கள். வெயிலில் கிடந்து கெட்ட மீன், தின்றவருக்கும் உதவாமல், தன் உயிரும் போய், இரண்டு பக்கமும் நட்டம். வியாபாரி என்ற முறையில் இந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது.

நிறைவாக

சங்கப் பாணனும் சாளுக்கிய மன்னனும் சுட்டும் பொரித்தும் உண்டார்கள். பச்சை தின்னிகள் என்று உலகம் பழித்த அந்தமானியர் நெருப்பைக் கைக்குழந்தைபோல் காத்து மீனைச் சமைத்தார்கள். பச்சையாக உண்ணும் ஜப்பானியர் அதற்கென்று ஓர் ஒழுங்கைத் தலைமுறைகளாகக் கட்டி வளர்த்தார்கள். பச்சைக்கும் வெந்ததற்கும் நடுவே நாம் போட்ட கோடு மனிதரின் தரத்தையும் காட்டவில்லை, மீனின் தரத்தையும் காட்டவில்லை. அறிந்து செய்கிறோமா, அறியாமல் செய்கிறோமா என்பதே பக்குவத்தின் அளவுகோல்.

அந்தப் பசங்க இப்போதும் ஞாயிறுதோறும் போகிறார்கள். போகிற வழியில் என் கடைக்கு வந்து மூடி போட்ட பெரிய வாளி ஒன்றை வாங்கிப் போனார்கள், பனிக்கட்டி வைக்க. தூண்டில் முள் விற்காதவன் பனிக்கட்டி வாளி விற்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிள்ளைகள் நலம் பெரிது என்று கொடுத்துவிட்டேன். அது சரியா தவறா என்பதை அன்பர்களே சொல்லுங்கள்.

அறிவோம், அறிந்து உண்போம். வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!